ஒன்றரைக் கட்டை

அத்தியாயம் பதினான்கு

வானொலி நிலையத்தின் பழைய பெட்டிகளைக் குடைந்த மகள் ஒரு கேசட்டோடு வெளியே வந்தாள், போன வாரம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்த நாலு பேர் ராக் குழு பதிவு செய்த ஒரே பாட்டு அதில் இருந்தது. நிலையத்தில் ஒலிப்பதிவு உதவியாளராக இருக்கிறவள் அவள். மேலதிகாரியை நச்சரித்து, பெரியப்பா அதே பாட்டை நேரலையில் பாடுவதற்கு ஒரு நாளும் வாங்கிவிட்டாள்.

அந்த நாள் இன்று. மாலை நாலு மணி.

சேதி கேட்ட அன்று குடும்பமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிப்பது மாதிரி பல்லைக் காட்டினார்.

அப்பாவுக்கு ஊரில் கம்பி என்றுதான் பேர். இருபது வயதில் கட்டடங்களுக்கு இரும்புக் கம்பி கட்டியவர். வெயிலில் காய்ந்த கம்பியை வெறும் கையால் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் காய்ப்பு. பிறகு கிட்டாரைத் தூக்கியபோது, கம்பி கிழிப்பதற்கு அந்த விரல்களில் புதிதாக இடம் இருக்கவில்லை. தொழில் மாறியது. பேர் மாறவில்லை.

காலை ஒன்பது மணிக்கு டயர்க் கடை மாடியில் அவருடைய கிட்டார் வகுப்பு. ஒரே அறை. நாலு நாற்காலி, இரண்டு ஆம்ப்ளிஃபயர், படியேறி வரும் ரப்பர் வாடை. கீழே காற்றடிக்கும் எந்திரம் ஓடினால் பாடம் நிற்கும். அது நின்றால் பாடம் ஓடும்.

முதல் மாணவி வெல்டிங் பட்டறை நடத்தும் அம்மாள். நாற்பத்தாறு வயது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின் மேலும் குறுக்கே போட்டு அழுத்த வேண்டிய எஃப் கார்டு, மூன்று மாதமாக அவருக்கு மசியவில்லை.

"இரும்பை ஒட்ட வெச்சுட்டேன் சார். இந்த விரலை ஒட்ட வைக்க முடியலை."

"விரலை மல்லாத்திப் போடாதீங்க. கொஞ்சம் எலும்புப் பக்கமா சாய்ச்சுப் போடுங்க. இப்ப ஒவ்வொரு கம்பியா தட்டுங்க. எது பேச மாட்டேங்குதோ அதை எனக்குக் காட்டுங்க. மறைக்காதீங்க."

"மறைச்சா என்ன ஆகும்?"

"கூட்டத்தோட வாசிக்கும்போது மறையும். தனியா வாசிக்கும்போது பல்லிளிக்கும்."

அம்மாள் அழுத்தினார். பட்டறைப் பலம். முதல் கம்பி பட்டென்று அறுந்தது.

"போச்சு," என்றவர், எழுந்து சுவரில் மாட்டியிருந்த கறுப்பு கிட்டாரை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். முகம் சுருங்கியது. "சார், இது என்ன, தூக்கத்துல பேசற மாதிரி இருக்கு."

கம்பி இரண்டே எட்டில் வந்து அதை வாங்கிக்கொண்டார். "இது பேண்டுக்கு மட்டும்."

"சுருதி ரொம்ப இறங்கியிருக்கே. ஏத்தித் தரட்டுமா?"

"வேணாம்மா. உங்களதுக்குக் கம்பி மாத்தித் தர்றேன். அதையே வாசிங்க."

கறுப்பு கிட்டாரைத் திரும்ப மாட்டினார். இந்த முறை, வாயாடிப் பிள்ளையை மூலையில் நிறுத்துவதுபோல, சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினார்.

அந்த கிட்டாரின் கதை இதுதான்.

கம்பியின் அண்ணனுக்கு, அதாவது மகளின் பெரியப்பாவுக்கு, கல் அறுக்கும் பட்டறையில் கிரேன் ஓட்டுகிற வேலை. கல் தூசியை வருஷக்கணக்காகத் தின்ற நெஞ்சு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஆலைத் தொழிலாளர் மன்ற நிகழ்ச்சியில், அந்தப் பாட்டின் மூன்றாவது அடியில் ஏற வேண்டிய உச்சியில் அவர் குரல் உடைந்தது. திரும்பும்போது வேனில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, "வேற ஆளைப் பாருங்கடா" என்றார்.

ஐந்து வாரம் அவர் பாடவில்லை. பாடாதது போகட்டும், பேசவில்லை. கிரேனிலிருந்து இறங்கியவர் நேராக வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார். அண்ணி ஒருநாள் மாடியேறி வந்து, "தம்பி, ஏதாவது செய்யுங்க. இல்லேன்னா நான் என் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார்.

கம்பி செய்தார். ஆறு கம்பிகளையும் அரைக் கட்டை சுருதி இறக்கினார். பேஸ் வாசிப்பவரையும் இறக்க வைத்தார். அண்ணனிடம் மூச்சு விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கூட்டி வந்து பாட வைத்தார்கள். உச்சி வந்தது. "சளிதான்டா. வேற ஒண்ணும் இல்லை" என்று அண்ணன் மேடையிலேயே தம்பியின் முதுகில் ஒரு அறை விட்டார்.

ஏழு வருஷம் கழித்து இன்னொரு அரை. நாலு வருஷத்துக்கு முன்னால் மூன்றாவது அரை. மொத்தம் ஒன்றரைக் கட்டை. இறக்கிய கம்பிகள் தொளதொளத்துப் போகாமலிருக்க ஒவ்வொரு தடவையும் தடித்த கம்பி மாற்றினார். அண்ணனுக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. தம்பி கொடுக்கும் முதல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவார், அவ்வளவுதான். வேறு எவரோடும் பாடியதும் இல்லை.

கேசட்டைக் கேட்டபோதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "டேப் வேகமா ஓடுது பாரு. எலிக் குஞ்சு மாதிரி கத்துறேன்" என்று சிரித்தார்.

டேப் சரியாகத்தான் ஓடியது.

பத்தரைக்கு மகள் கையில் பாட்டின் சுரங்களை எழுதிய காகிதங்களோடு படியேறி வந்தாள்.

"அப்பா, ஒரு தடவை பார்த்துடுங்க. நம்ம குழு இல்லை, நிலையத்து ஆளுங்க மூணு பேர்தான் கீபோர்டு, பேஸ், டிரம்ஸ் வாசிக்கிறாங்க. கிட்டார் நீங்க. ரெண்டு மணிக்கு ஒத்திகை."

கம்பி பார்த்தார். "சுருதியை மேல வெச்சு எழுதியிருக்கியே."

"கேசட்ல இருக்கறபடி எழுதியிருக்கேன்."

"ஒன்றரைக் கட்டை இறக்கி எழுதிடு."

"எதுக்கு?"

சொன்னார். மூடி மறைக்காமல் முழுதும் சொன்னார். மகள் ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பேஸ் மாமா, டிரம்ஸ் மாமா?"

"டிரம்ஸ்காரனுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன. அவன் பாட்டுக்கு அடிச்சுட்டிருப்பான்."

மகள் சிரிக்கவில்லை. காகிதத்தைச் சுருட்டினாள். "இறக்கறது பெரிய வேலை இல்லை. கீபோர்டுல ஒரு பட்டன். பேஸ்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார். அரை மணி நேரத்துல செஞ்சுடுவேன்."

"என் தங்கம்."

"பெரியப்பாகிட்ட சொல்லிட்டு வாங்க. செய்றேன்."

"அவர்கிட்ட எதுக்கும்மா? இத்தனை வருஷம்..."

"அங்க பத்துப் பேர் இருப்பாங்கப்பா. யாராவது ஒருத்தர், 'சார், உங்களுக்காக இறக்கி வெச்சிருக்கோம்'னு மரியாதையாவே சொல்லிட்டா? முன்னப்பின்ன தெரியாதவங்க வாயால அவர் அதைக் கேக்கணுமா?"

கீழே எந்திரம் ஓடியது. நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"நீ சொல்லேன்," என்றார் கம்பி. "உன்மேல அவருக்குக் கோபம் வராது."

"நான் அவர் தோள்ல உக்காந்து வளர்ந்தவ. கம்பியைத் திருகினது நீங்க." படியில் பாதி இறங்கியவள் திரும்பி, "பேருக்கு ஏத்த மாதிரி கம்பி நீட்டிடாதீங்க" என்றாள்.

கல் பட்டறையில் மதியச் சங்கு ஊதும்போது கம்பி வாசலில் நின்றார்.

ஆள் உயரக் கற்பலகைகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அறுக்கும் எந்திரங்கள் நின்றதும் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. மேலே கிரேன் கூண்டின் கதவு திறந்தது. அண்ணன் முணுமுணுவென்று பாடிக்கொண்டே ஏணியில் இறங்கி வந்தார். ஐம்பத்தொன்பது வயது. புருவத்தில் வெள்ளை. அதில் எவ்வளவு நரை, எவ்வளவு தூசி என்று சொல்ல முடியாது.

"வாடா. சாப்பிட்டியா?" என்று டப்பாவைத் திறந்து ரொட்டியில் பாதியைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு அவித்த முட்டையில் ஒன்றையும் தள்ளினார். "உங்க அண்ணி சட்டையைத் தேய்ச்சு நேரா அங்கயே எடுத்துட்டு வந்துடறேன்னா. ரேடியோவுல யாரு சட்டையைப் பார்க்கப் போறா?"

கம்பி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமா?" அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "பயமா இருக்குடா. வேற ஆளுங்க வாசிச்சு நான் பாடினதே இல்லை. நீ என் பக்கத்துல நில்லு. உன் கையைப் பார்த்துட்டேன்னா போதும், வந்துடும்."

இதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்லவே முடியாது என்று கம்பிக்குத் தெரிந்தது.

"அண்ணே, அந்த உச்சி உனக்கு வராது."

"போன வாரம்கூட வந்துச்சு."

"வந்தது அது இல்லை. நான் இறக்கி வெச்சிருக்கேன்."

அண்ணன் மென்றுகொண்டிருந்தார். மெல்வது மெதுவாகி, நின்றது.

"எத்தனை?"

"ஒன்றரைக் கட்டை."

"எப்பலேருந்து?"

"அந்த மன்றத்து நிகழ்ச்சிக்கு அப்புறம். கொஞ்சம் கொஞ்சமா."

"பேஸ்காரனுக்குத் தெரியும். தெரியாம அவன் வாசிக்க முடியாது." தனக்குத் தானே எண்ணிக்கொண்டு வந்தார். "டிரம்ஸ்காரனுக்கும் சொல்லியிருப்பீங்க." தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அண்ணிக்கு?"

கம்பி தரையைப் பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது.

அண்ணன் ரொட்டியை டப்பாவில் வைத்து மூடினார். மூடி சரியாக உட்கார, இரண்டு தடவை அழுத்தினார்.

"நான் மேல உக்காந்திருக்கேன். கீழ கல்லுக்குப் பக்கத்துல நிக்கிறவன் விரலைக் காட்டுறான். நாலு விரல் காட்டினா நாலு டன். நான் இறங்கி வந்து எடை போட்டுப் பார்க்கிறதில்லை. அவன் கையை நம்பித் தூக்கறேன். இத்தனை வருஷத்துல ஒருத்தன்கூட, ஐயோ பாவம், இவன் மனசு நோகக்கூடாதுன்னு எடையைக் குறைச்சுக் காட்டினதில்லை."

"அண்ணே..."

"காட்டினா கிரேன் சாயும். சாயறது அவன் மேலதான் சாயும்." எழுந்துகொண்டார். "போ. சங்கு ஊதிடுவான்."

"ரெண்டு மணிக்கு ஒத்திகை அண்ணே."

அண்ணன் ஏணியில் ஏறினார். இந்த முறை முணுமுணுப்பு இல்லை. கூண்டுக் கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு மணிக்கு நிலையத்தில் எல்லாரும் இருந்தார்கள், பாட வேண்டியவரைத் தவிர.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. பேசினால் சொல் வாயிலேயே விழுந்துவிடும். கம்பி கறுப்பு கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி சட்டையை ஹேங்கரோடு தூக்கிக்கொண்டு வந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க விரிப்பு தேய்ப்பவர். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"சொல்லிட்டீங்களா தம்பி?"

"சொல்லிட்டேன் அண்ணி."

"என்னைப் பத்தியும்?"

"கேட்டார். பொய் சொல்ல வாய் வரலை."

"பதினெட்டு வருஷமா வந்துச்சே," என்றார் அண்ணி. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, அதன் காலரை நீவிக்கொண்டே நின்றார்.

மூன்று மணிக்கு மேலதிகாரி தலையை நீட்டினார். "மூணரைக்குள்ள வரலைன்னா வேற நிகழ்ச்சி போட்டுடுவோம்." மகள் தலையாட்டினாள். அவளுடைய காதுமடல் சிவந்திருந்தது. வேலையில் சேர்ந்து அவள் கேட்டு வாங்கிய முதல் அரை மணி நேரம் அது.

மூன்று பத்துக்கு அண்ணன் வந்தார். வேலை உடுப்போடு, தூசியோடு. மனைவியைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்க்கவில்லை. நேராக மைக் முன்னால் போய் நின்றார்.

"கேசட்ல இருக்கற மாதிரி வாசிங்க."

"பெரியப்பா..."

"கேசட்ல இருக்கற மாதிரிம்மா."

கம்பி தடித்த கம்பிகளை ஒன்றரைக் கட்டை ஏற்றினார். கிட்டாரின் கழுத்து முனகியது. ஆரம்பித்தார்கள். முதல் அடி, இரண்டாவது அடி நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது அடியில் உச்சி வந்தது.

உடைந்தது. அழகாக உடையவில்லை. பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் பிரேக் பிடிப்பது மாதிரி உடைந்தது. கீபோர்டுக்காரர் கையை எடுத்துக்கொண்டார். பேஸ்காரர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"இன்னொரு தடவை," என்றார் அண்ணன்.

இன்னொரு தடவையும் உடைந்தது.

தண்ணீர் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். அப்புறம்தான் தம்பி பக்கம் திரும்பினார். "இறக்கு. அரை. நான் பார்க்கணும்."

கம்பி ஒவ்வொரு கம்பியாகத் திருகினார். அண்ணன் குனிந்து, திருகாணி எவ்வளவு சுற்றுகிறது என்று பார்த்தார். பூட்டைத் திறக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்து, திறந்து காட்டச் சொன்னது போலிருந்தது. மூன்றாவது அடியை மட்டும் பாடினார். உடைந்தது.

"இன்னும் அரை."

விளிம்பில் தொங்கியது. கீழே விழுந்தது.

"இன்னும் அரை."

வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"இதான் அண்ணே," என்றார் கம்பி. "இங்கதான் இருந்தோம்."

அண்ணன் கழுத்தைத் தடவிக்கொண்டார். நரம்பு இன்னும் புடைத்திருந்தது. "இதுவா? நாலு வருஷமா ஒவ்வொரு நிகழ்ச்சி முடிஞ்சும் ரெண்டு நாள் பேச முடியாமக் கிடக்கேனே, இதுக்குத்தானா? வயசாயிடுச்சு, இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்னு இருந்தேன்டா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் சொல்லலை." கிட்டாரைக் காட்டி, "ஏன் இதோட நிறுத்தினே?" என்றார்.

"பயந்தேன். இதுக்கு மேல இறக்கினா உனக்குத் தெரிஞ்சுடும்னு."

"இறக்கு."

கம்பி இறக்கினார். இரண்டு கட்டை. கீபோர்டுக்காரர் மறுபடி பட்டனைத் தட்டினார். "இப்ப எங்கதான் இருக்கோம்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்கப்பா," என்றார் பேஸ்காரர்.

அண்ணன் பாடினார். உச்சிக்குப் போனார், எட்டிப் பிடிக்கவில்லை, நடந்து போனார். அங்கே போய் நின்று, அந்தச் சுரத்தை விரித்து வைத்துக்கொண்டு, போதும் என்று தோன்றியபோது இறங்கி வந்தார். கேசட்டில் இருந்த பையனின் குரல் இல்லை இது. அடியில் தூசியும் இரும்பும் படிந்த அகலமான குரல். அது தனக்குள் இருப்பது அவருக்கே தெரியாது. கிட்டாரின் அடிக்கம்பி தளர்ந்து லேசாக அதிர்ந்தது. அதுகூடக் குரலோடு சேர்ந்துகொண்டது.

பேஸ்காரர் செருப்பிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார்.

"இங்கயே இருக்கட்டும்," என்றார் அண்ணன். "இனிமே எங்க, எவ்வளவு இறக்கணும்னு நான் சொல்றேன். நீ திருகினா போதும்."

நாலு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளர், "முப்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம் அதே பாட்டு, அதே குரல்" என்று ஆரம்பித்தார்.

"அதே குரல் இல்லைங்க," என்றார் அண்ணன் மைக்கில். "அப்ப மேல பாடினோம். இப்ப ரெண்டு கட்டை கீழ. ஒன்றரை வரைக்கும் என் தம்பி எனக்குத் தெரியாம இறக்கினான். கடைசி அரை நானா இறக்கினது."

அறிவிப்பாளர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கும்படி கை காட்டினார்.

கம்பியின் விரல் முதல் கார்டையே தவறவிட்டது. நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்த கை, எங்கே வைப்பதென்று தெரியாமல் கம்பிகளின் மேல் நின்றது. அண்ணன் அவசரப்படவில்லை. மைக்கிலிருந்து முகத்தை லேசாகத் திருப்பி, முதல் சுரத்தைத் தானே முனகிக் கொடுத்தார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

பாட்டு முடிந்து நடைபாதைக்கு வந்தபோது அண்ணி அங்கே நின்றிருந்தார், கையில் சட்டையோடு.

"சட்டையே போட்டுக்கலை."

"ரேடியோவுல சட்டை தெரியாது."

விஷயம் தெரிந்தபின் அவர்களுக்குள் இதுதான் முதல் பேச்சு. கம்பி நகரப் பார்த்தார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீயும் கூட்டுதானே," என்றார் அண்ணன்.

"ஆமா. நான்தான் செய்யச் சொன்னேன். அந்த அஞ்சு வாரம் இவங்க யாரும் உங்களோட ஒரே வீட்டில இல்லை. நான் இருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

அண்ணன் சட்டையை வாங்கி, தூசி படிந்த வேலை உடுப்பின் மேலேயே போட்டுக்கொண்டார். தேய்த்த மடிப்பெல்லாம் ஒரு நொடியில் போயிற்று. அண்ணி பல்லைக் கடித்தார். ஆனாலும் குனிந்து பொத்தான்களைப் போட்டுவிடத் தொடங்கினார்.

"சரி, வேற ஏதாவது இருக்கா?" என்றார் அண்ணன், பாதி விளையாட்டாக. "இருந்தா இன்னைக்கே சொல்லிடுங்க. ஒரே நாள்ல முடிஞ்சுடட்டும்."

வழக்கமாக அண்ணியிடம் பதில் நாக்கு நுனியில் இருக்கும். இன்று மூன்றாவது பொத்தானில் விரல் நின்றது.

"ஒண்ணு இருக்கு," என்றார். "வீட்டுக்குப் போய் பேசலாம்."

அண்ணன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். கம்பி இல்லை என்று தலையாட்டினார். இந்தத் தடவை அவருக்கும் தெரியாது.